பிழைக்க வந்தவர்களின் ராயபுரம்

ராயபுரத்துக்கு யாரும் ஊர் பார்க்க வந்ததில்லை, பிழைக்கத்தான் வந்தார்கள். அந்தந்தப் பிழைப்பு இருந்தவரை இருந்தார்கள். இந்தப் பகுதியின் கலப்புக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பல மதம், பல மொழி, ஒரே ஊர் என்று மேடையில் பேசும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்தாரையும் இங்கே இழுத்து வந்தது ஏதோ ஒரு வேலை.

முதல் வேலை படகு. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நின்றன. அலை பொங்கும் அந்த இடைவெளியைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி அடித்த படகு அந்த அலையில் விரிந்துபோகும் என்பதால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியிருப்பார்கள். கவர்னரே ஆனாலும் இந்தப் படகுக்காரர்களை நம்பித்தான் கரையேற வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் படகு ஓட்டிய கத்தோலிக்கர்களான குருகுல வம்சத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியதுதான் புனித ராயப்பர் கோயில். ராயப்பர் என்கிற பேதுருவும் கடலில் வலை வீசியவர்தானே. அவரது தமிழ்ப் பெயரே ஊருக்கும் நிலைத்தது.

1875இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881இல் வந்த புயல் சுவர்களை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கப்பல் நேராக உள்ளே வந்து கட்டிக்கொள்ளத் தொடங்கியதும் மசூலா படகுக்கு என்ன வேலை? தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் கையைவிட்டுப் போனது.

அதோடு கரையும் போனது. இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கடல் அரித்தது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பை நாம் எல்லோரும் மெச்சுகிறோம். அதற்கான விலையை ராயபுரம் கொடுத்தது. கடலோரத்தில் இன்று மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் கண்ணில் படும்.

துறைமுகத்துக்கும் முந்தியது ரயில். 1856 ஜூன் 28ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்தார். ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோடு வரை முதல் வண்டி போனது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். 1873இல் சென்ட்ரல் வந்ததும் ராயபுரத்தின் மதிப்பு மெல்ல இறங்கியது.

ரயிலோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. டிரைவர், கார்டு, பட்டறை மேஸ்திரி என்று அவர்களுக்கென்றே ஒதுக்கியது போன்ற வேலைகள் இருந்தன. பெரம்பூரிலும் இங்குமாகக் குடியிருந்தார்கள். வடசென்னைக்குக் குத்துச்சண்டை பழகியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 1940களில் சார்பட்டா பரம்பரை என்ற குத்துச்சண்டைக் குழுவின் கித்தேரி முத்துவும் ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரியும் மோதிய கதையை இங்குள்ள பெரியவர்கள் தாங்களே ரிங் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் சொல்வார்கள். விடுதலைக்குப் பின் அரசியல் சட்டம் ரயில்வே வேலைகளில் அவர்களுக்குத் தந்த தனிச்சலுகை படிப்படியாகக் குறைந்து பத்தாண்டில் முடிந்தது. பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறின.

பார்சிகளின் கதை வேறு மாதிரி. 1795இல் குடகிலிருந்து வந்த சிறு கூட்டம் ராயபுரத்தில் நிலம் வாங்கியது. எண்ணிக்கையில் அவர்கள் எப்போதும் குறைவு, கையில் வியாபாரம் இருந்தது. 13 வயதில் இறந்த மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கொடுத்த கொடையில் எழுந்த தீக்கோயில் 1910இலிருந்து இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நிற்கும் இடம் மேற்கு மாதா கோயில் தெரு. இந்த முகவரியைப் பார்த்து மத நல்லிணக்கம் என்று பூரித்துப்போக வேண்டாம். அவரவர் தெரு, அவரவர் கோயில், அவரவர் சாப்பாடு என்றுதான் இங்கே வாழ்ந்தார்கள். வம்புக்குப் போகாததே பெரிய விஷயம். சென்னையில் இன்று இருக்கும் பார்சிகள் சில நூறு பேர்தான். தீக்கோயிலுக்குள் மற்றவர்களுக்கு அனுமதி இல்லை, வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. அது ஸ்டான்லி மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. பழைய ஆட்களுக்கு இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். இன்னொரு இடம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அங்கே. இப்போது அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர்.

இன்று? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனால் பாதிச் சென்னை அங்கே நிற்கும். விசைப்படகில் ஏறுகிறவர்களில் ஆந்திரக் கரையோர ஊர்க்காரர்கள் பலர். ஐஸ் உடைக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் பேச்சில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்தால் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். பழைய சுபாவம் அப்படியே இருக்கிறது: வேலை இருந்தால் ஆள் இருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும். படகுக்காரர்கள் ஒரு கோயிலைக் கட்டி நிலைத்தார்கள், பார்சிகள் நிலம் வாங்கினார்கள். இன்று வருகிறவருக்கு வாடகைக்கு ஓர் அறை, அதில் இன்னும் நாலு பேர். ரேஷன் கார்டும் ஓட்டும் வேறெங்கோ இருப்பதால் இவர்களைத் தேடி எந்தக் கட்சியும் வருவதில்லை.

வேலையோடு தூசும் வந்தது. துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரித் தூசு பல ஆண்டுகள் ராயபுரத்து மொட்டை மாடிகளில் படிந்தது. துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி வெள்ளையாகத் திரும்பாது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அந்தச் சரக்கு எண்ணூருக்கு மாறியது. ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் இருமுகிறது. வடசென்னையின் தூசு வடசென்னையைத் தாண்டவில்லை. கன்டெய்னர் லாரி வரிசை மட்டும் அப்படியே. 2020 மே மாதம் கொரோனா எண்ணிக்கையில் நகரிலேயே முதலிடத்தில் நின்றதும் ராயபுரம் மண்டலம்தான். நெருக்கியடித்து வாழ்வதன் விலை அது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும் கடலோர ராயபுரத்தை ஒதுக்கிவிட்டு மேற்கே போகிறது.

1856இன் நிலையக் கட்டடத்தை 2005இல் புதுப்பித்துத் திறந்தார்கள். புறநகர் வண்டிகள் நிற்கின்றன, பக்கத்தில் மின்சார எஞ்சின் கொட்டகை இயங்குகிறது. இதைத் தொலைதூர ரயில்களின் முனையமாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. தெற்கே தாம்பரத்துக்குக் கிடைத்தது வடக்கே ராயபுரத்துக்கும் கிடைக்க வேண்டும். பழம்பெருமைக்காக இதைக் கேட்கவில்லை. முனையம் வந்தால் இங்கே வேலை வரும்.