மாத்திரை அறிந்த நெறியாளர்: ஸ்டெஃபான் ஹெர்ஹெய்மின் ஓப்பராப் பணி

நாடக நெறியாளர் ஒருவர் நடிகரிடம், இச்சொல்லுக்குப் பின் சற்று நிறுத்துக என்று கூறலாம். ஓப்பரா நெறியாளர்க்கு அவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. சொல் எப்பொழுது தொடங்கும், எவ்வளவு நீளும், அதன்பின் எத்துணை நேரம் அமைதி நிலவும் என்பனவற்றை இசையமைப்பாளர் முன்னரே இசைச்சுவடியில் எழுதிவைத்துள்ளார். அவற்றைச் சிறிது நெகிழ்த்தவோ இறுக்கவோ கூடியவர் இசைக்குழுவை நடத்துபவரே. மாத்திரை கணக்கிட்டு யாப்புப் பயின்ற நமக்கு இந்நிலை புதிதன்று. ஆகவே, பாடற்சொற்களை மட்டும் படித்து மேடையேற்றும் நெறியாளர் பனுவலில் பாதியையே படித்தவராகிறார்.

நார்வே நாட்டவரான ஸ்டெஃபான் ஹெர்ஹெய்ம் மறுபாதியிலிருந்து தொடங்கியவர். 1970-இல் ஆஸ்லோவில் பிறந்தார். தந்தையார் ஓப்பரா இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். மகன் பயின்றது செலோ. இளமையிலேயே ஓப்பராவைப் பொம்மலாட்டமாக நிகழ்த்தும் குழு ஒன்றை நடத்தினார். பின்னர், 1994 முதல் 1999 வரை, ஹம்பர்க்கில் கோட்ஸ் ஃப்ரீட்ரிக்கிடம் நெறியாள்கை கற்றார். ஃப்ரீட்ரிக், பெர்லினில் வால்டர் ஃபெல்சன்ஸ்டைனிடம் பணியாற்றியவர். பாத்திரம் பேசாமல் ஏன் பாடுகிறது என்பதற்கு மேடையிலேயே காரணம் புலப்படவேண்டும் என்பது அம்மரபின் கொள்கை.

2012-இல் ஆஸ்லோவில் ஹெர்ஹெய்ம் மேடையேற்றிய புச்சினியின் 'லா பொஹேம்' விரிவாக நோக்கத்தக்கது. 1896-இல் அரங்கேறிய இவ்வோப்பராவின் இறுதி அங்கத்தில் காசநோயுற்ற மீமி ஓசையின்றி இறக்கிறாள். நண்பர்கள் அறிந்துவிடுகின்றனர், காதலன் ரொடால்ஃபோ மட்டும் அறியான். இசைக்குழு முழு வலிமையுடன் முழங்கிய பின்னரே அவன் அவள் பெயரைக் கூவுகிறான். உண்மைக்கும் அதனை ஏற்பதற்கும் இடையே புச்சினி வைத்த இடைவெளி சில கணங்களே. ஹெர்ஹெய்ம் அதனை ஓப்பரா முழுமைக்கும் நீட்டினார். தொடக்கத்தில் காண்பது இக்கால மருத்துவமனை, மீமிக்குப் புற்றுநோய். அவள் இறந்த பின்னரே இசை எழுகிறது. மருத்துவமனையில் இருந்தோர் பழைய நண்பர்களாக உருமாறுகின்றனர். நாம் அதுவரை அறிந்திருந்த காதற்கதை, இழப்பை ஏற்க மறுக்கும் ஒருவனின் நினைவாகிவிடுகிறது. சுரங்கள் புச்சினியினவே, அவற்றுக்கு முன் வந்த மரணம்தான் நெறியாளருடையது.

அவர் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியது 2008-இல் பைராய்ட் விழாவில் நிகழ்ந்த 'பார்சிஃபால்'. வாக்னரின் கதையோடு ஜெர்மானிய வரலாற்றையும் அதில் இணைத்தார். 2016-இல் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்த 'இஸ்பேட் ராணி'யில் சைகோவ்ஸ்கியையே பாத்திரமாக்கினார். பெர்லினில் மேடையேற்றிய வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' நான்கிற்கும் மேடை நடுவே ஒரு பெரிய பியானோவை நிறுத்தினார்.

இவற்றில் ஒரு குறையும் உண்டு என்பது என் கருத்து. இசைச்சுவடியில் கண்ட ஒவ்வொன்றையும் கண்ணுக்கும் காட்ட முற்படும்போது மேடை நெரிசலாகிறது. ஓப்பராவை முதன்முறை காண்பவர் கதையைத் தவறவிடுவார். ஆஸ்லோவில் அந்நிலை நேரவில்லை. அங்கு அவர் ஒரே ஓர் இடைவெளியைப் பற்றிக்கொண்டார். 2022 முதல் வியன்னாவின் 'தியேட்டர் அன் டெர் வீன்' அரங்கின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். 1805-இல் பேத்தோவனின் ஒரே ஓப்பரா முதன்முதல் அரங்கேறிய மேடை அது.