வாளும் ஏரும்: சீர்வி சமூகத்தின் கதை

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் இராஜபுத்திரர் பற்றிப் படிக்கும் மாணவர் மனத்தில் போர், கோட்டை, குதிரை ஆகியவையே பதிகின்றன. இராஜஸ்தானின் மார்வார் பகுதியில், தம்மை இராஜபுத்திர வழியினர் என்று கூறிக்கொண்டு தலைமுறைகளாக ஏர் பிடித்துவரும் சீர்வி சமூகத்தினர் இப்படத்தை முழுமையாக்குகின்றனர்.

பெயர்க் காரணம்

மார்வாரி மொழியில் 'சீர்' என்றால் பங்கு, கூட்டுப் பயிர் என்று பொருள். கூட்டாக உழுதவர் சீர்வி ஆயினர். மழை குறைந்த அந்த நிலத்தில் கிணறு வெட்டவும், நம் ஊர்க் கமலை போல் மாடு பூட்டி நீர் இறைக்கவும் ஒரு குடும்பத்தால் மட்டும் இயலாது. கிணறு, மாடு, உழைப்பு, விளைச்சல் எல்லாவற்றிலும் பங்கு வைத்தே வாழ வேண்டியிருந்தது.

தோற்றக் கதை

1311இல் அலாவுதீன் கில்ஜியின் படை ஜாலோர் கோட்டையைக் கைப்பற்றியது. மன்னர் கான்ஹட தேவர் வீழ்ந்தார். அப்போது தப்பிய 24 குலத்தார் லூனி ஆற்றுப் பகுதியில் குடியேறி, வாளை விட்டு ஏரைப் பிடித்தனர் என்பது சீர்விகளின் மரபு. ராத்தோர், சோலங்கி, கெலோட் முதலிய குலப்பெயர்கள் இன்றும் அவர்களிடம் உள்ளன.

ஜாலோரின் வீழ்ச்சி வரலாறு. 24 குலத்தார் கதை சமூக நினைவு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஆனால் நினைவைப் பொய் என்று தள்ளவும் கூடாது. வட இந்திய உழவர்கள் பருவந்தோறும் படைவேலைக்குச் சென்றதையும், 'இராஜபுத்திரர்' என்பது நெடுங்காலம் பலர் சென்று சேரக்கூடிய தகுதியாக இருந்ததையும் வரலாற்றாய்வாளர் டர்க் கோல்ஃப் 1990இல் வெளியான தம் நூலில் விளக்கினார். முகலாயர் காலத்தில் வம்சாவளி முதன்மை பெற்றது. ஏர் பிடிப்பதும் கைம்பெண் மறுமணமும் தாழ்வாகக் கருதப்பட்டன. உழவுச் சமூகங்கள் தனிச் சாதிகளாக விலகி நின்றதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

வழக்கங்கள்

சீர்விகளின் தெய்வம் ஆயி மாதா. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண் துறவியாக அவரைப் போற்றுகின்றனர். ஜோத்பூர் மாவட்டம் பிலாராவில் உள்ள அவரது கோயிலில் நெய்விளக்கு அணையாமல் எரிகிறது. அதில் கரிக்குப் பதில் குங்குமப்பூ நிறம் படிவதாக அடியார்கள் நம்புகின்றனர். சமயத் தலைவர் 'திவான்' எனப்படுவார். பதினொரு முடிச்சிட்ட 'பேல்' என்னும் நூலை ஆண்கள் கையிலும் பெண்கள் கழுத்திலும் அணிவர். ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஒழுக்க நெறியை நினைவூட்டும். ஒரே குலத்துக்குள் மணம் இல்லை. 'நாத்தா' என்னும் மறுமண முறைக்கு இடமுண்டு.

வகுப்பறையில்

சீர்விகள் பலர் இன்று தமிழ்நாட்டு நகரங்களில் கடை நடத்துகின்றனர். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கலாம். வடக்கிலிருந்து வந்த குழந்தை என்றாலே 'சேட்டு' என்று மற்றவர் அழைப்பதை நாம் கேளாததுபோல் கடந்துவிடக் கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் கிணறு வெட்டிப் பயிர் செய்த உழவர் வரலாறு இருக்கலாம்.

இப்பாடத்தின்போது, தம் ஊர் அல்லது தெருவின் பெயருக்கு வழங்கும் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பின்னர் 'இதில் சான்று உள்ளது எது, நினைவாக வழங்குவது எது?' என்று குழுவாகப் பிரித்து எழுதச் செய்யலாம். சாதிப் பெயரைக் கேட்கும் பயிற்சியாக இது மாறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. சான்றை எடைபோடவும் பிறர் நினைவை மதிக்கவும் மாணவர் ஒருசேரக் கற்றால் பாடத்தின் நோக்கம் நிறைவேறும்.