பெயரை மறைத்தால் போதுமா?

தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் ஏதாவது நடந்து, அதை வெளியுலகம் அறிய வேண்டுமானால், செல்போன் இல்லாத அன்று அந்தச் செய்தி பஸ் ஏறியாக வேண்டும். நிருபர் தாளில் எழுதி, பிலிம் ரோலையும் சேர்த்துக் கவரில் போட்டு, கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். இன்று வாட்ஸ்அப்பில் தட்டினால் அடுத்த நிமிடம் துபாயில் இருக்கும் ஊர்க்காரரும் படித்துவிடுகிறார். ஆனால், பாதிக்கப்பட்டவருக்கு இந்த வேகம் எப்போதும் நல்லது செய்வதில்லை.

அன்று ஆபத்து மௌனத்தில் இருந்தது. இதே தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஜூலையில் ஊருக்குள் போன பிறகே உண்மை வெளியே வந்தது. அதுவரை ‘கடத்தல்காரர்களின் ஊர்’ என்ற அதிகாரிகளின் பேச்சுதான் எடுபட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-இல் வழக்கு சிபிஐ-க்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-இல் அதை உறுதிசெய்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன் தானே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார்.

இன்று ஆபத்து வெளிச்சத்தில் இருக்கிறது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகார் மீதான முதல் தகவல் அறிக்கை கசிந்து கைக்குக் கை பரவியது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கசிவை விசாரித்தவர்கள் நிருபர்களின் செல்போன்களைப் பறிமுதல் செய்தார்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றமே வேண்டியிருந்தது. நம்பிப் பேசியவர்களின் எண்களெல்லாம் நிருபரின் போனில்தான் இருக்கின்றன. அதைப் பத்திரப்படுத்துவதும் இன்று நிருபரின் வேலை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படத்தோடு குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சிற்றூர்களில் இதன் அருமை நன்றாகத் தெரியும். ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்பு, அப்பா தக்காளி மண்டியில் கூலி, கோயிலுக்குப் பின் தெரு என்று எழுதினால், மாரண்டஹள்ளி டீக்கடையில் பெயரைச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. ஊருக்குப் புரிந்துவிடும், மிரட்ட நினைப்பவனுக்கும் வழி தெரிந்துவிடும்.

அதற்காக எல்லாரையும் எப்போதும் மூடி மறைக்க வேண்டும் என்பதில்லை. வாச்சாத்திப் பெண்கள் சிலர் பின்னாளில் தாங்களாகவே முகம் காட்டிப் பேசினார்கள். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்ற முடிவு அவர்களுடையதாக இருந்தது. மறுநாள் அந்தத் தெருவில் நடக்கப்போவது நிருபர் அல்ல, பாதிக்கப்பட்ட பெண்தான். ஆகவே, அச்சேறும் முன் அவரிடம் ஒருமுறை கேட்கும் அளவுக்காவது செய்தி காத்திருக்கலாம்.