கதையில் காதல்

காதலை வைத்துக் கதை புனைவது எளிது என்று புதிதாக எழுதப் புகுவோர் பலர் எண்ணுகின்றனர். அண்மையில் ஓர் இளைஞர் தாம் எழுதிய கதையொன்றை என்னிடம் கொணர்ந்தார். முதற் பக்கத்தில் கதாநாயகன் கதாநாயகியைக் காண்கிறான். இரண்டாம் பக்கத்தில் இருவரும் உயிருக்குயிராகி விடுகின்றனர். மூன்றாம் பக்கத்தில் பெற்றோர் தடுக்கின்றனர். "தம்பி, இந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?" என்று கேட்டேன். அவர் திகைத்தார். அவளுக்கு மறுக்கவும் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

குறை அங்கேதான் இருக்கிறது. மறுக்க இயலாதவளின் இசைவுக்கு மதிப்பேது?

ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் ஆங்கில நாவலைப் பாருங்கள். செல்வந்தனான டார்சி, எலிசபெத்திடம் தன் காதலைச் சொல்கிறான். அவள் குடும்பம் தாழ்ந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். இது நடப்பது கதையின் நடுவில். எஞ்சிய பாதியில் அவன் செருக்குக் குறைகிறது. தான் அவனைத் தவறாக எடைபோட்டதை அவளும் உணர்கிறாள். அவள் தங்கையின் மானத்தை அவன் பொருள் கொடுத்துக் காக்கிறான். அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறான். இனிய சொற்களால் ஆகாதது அந்தச் செயலால் ஆகிறது. அவன் மீண்டும் கேட்கும்போது, அவள் இசைவை நாமும் நம்புகிறோம்.

நம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலில், கும்பகோணத்தில் படிக்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை விரும்புகிறான். அவள் உடனே இணங்குவதில்லை. ஆண்டுகள் கழிகின்றன. அவளை வறுமை வாட்டுகிறது. அவனை இசை ஒருபுறமும் மோகம் மறுபுறமும் இழுக்கின்றன. இருவருக்கும் காதலுக்கு அப்பாலும் ஒரு வாழ்வு இருப்பதால்தான் அவர்கள் நமக்கு மெய்யான மனிதர்களாகத் தோன்றுகின்றனர்.

ஆகவே, காதலரைச் சந்திக்க வைக்கும் முன்னரே ஒவ்வொருவருக்கும் ஒரு கவலையையும் ஒரு கடமையையும் கொடுங்கள். தடை வெளியிலிருந்து மட்டும் வராமல் அவர்கள் உள்ளத்திலிருந்தும் எழட்டும். மனம் மாறியதைச் செயலால் காட்டுங்கள்.

சில வாரங்களுக்குப் பின் அந்த இளைஞர் மீண்டும் வந்தார். இப்போது அவர் கதாநாயகி ஒரு பள்ளி ஆசிரியை. தம்பியின் படிப்பு முடிய இரண்டாண்டு ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும் என்கிறாள். "காத்திருப்பானா என்று எனக்கே தெரியவில்லை, ஐயா" என்றார் அவர்.

முடிவை அறிய எனக்கும் ஆவல் பிறந்துவிட்டது.