உயிர்க்குறியும் பெயர்ப் பதிவும்: எபிரேயம், தமிழ், ஊவாத் தோட்டங்கள்

மாரி, மரி என்பன ஊவா மாகாணத் தோட்டங்களில் வழங்கும் இருவேறு பெயர்கள். முன்னது மாரியம்மன் வழி வந்தது. பின்னது இயேசுவின் தாயின் பெயர். தமிழில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரு கால் மட்டுமே. நெடிலைக் காட்டாத ஆங்கில எழுத்திற் பெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளர் பெயர்கள் நெடுங்காலம் ஆங்கில எழுத்திலேயே பதியப்பட்டன. ஆதலின் உயிர்க்குறியைப் பொறியில் ஏற்றுதல் எனும் பிரச்சினை வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அன்று.

இதனை விளங்கிக்கொள்ள எபிரேய மொழி சிறந்த ஒப்பீடாகும். எபிரேய எழுத்துகள் அடிப்படையில் மெய்களையே குறிப்பன. முதலாம் ஆயிரவாண்டின் பிற்பகுதியில் திபேரியா நகரத்து அறிஞர்கள், மறைநூலை வழுவின்றி ஓதும் பொருட்டு எழுத்தின் கீழும் மேலும் உள்ளும் இடப்படும் புள்ளிகளையும் கோடுகளையும் வகுத்தனர். இன்றும் மறைநூல், கவிதை, சிறுவர் நூல் ஆகியவற்றில் அவை இடம்பெறும். செய்தித்தாளில் பெரும்பாலும் இரா. சொற்களின் மெய்யமைப்பும் சூழலும் பொருளை உணர்த்திவிடுகின்றன. ஆயினும் அறிமுகமற்ற பெயரொன்று வருமிடத்து அம்மொழியினரும் குறியை நாடுகின்றனர்.

தமிழும் இவ்வனுபவத்தை அறியாததன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளிற் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. படிப்போர் சூழலறிந்தே குறிலையும் நெடிலையும் துணிந்தனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் இம்மயக்கத்தைத் தீர்க்க உதவிற்று.

பொறி வந்தபோது புதிய இடர் தோன்றியது. 247 எழுத்துகளையும் ஒரு விசைப்பலகையில் அடக்கவியலாது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா நகரா விசையைக் கையாண்டார். புள்ளியை அடித்தால் உருளை நகராது நிற்கும். அடுத்து அடிக்கப்படும் எழுத்து அதன் கீழ் அமையும்.

கணினியில் பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிக்கோட் எனும் ஒருங்குறி முறை, வடிவத்தை அன்றி எழுத்தையே சேமிக்கின்றது. 'கே' என்பதில் கொம்பு இடப்புறம் தோன்றினும், சேமிப்பில் ககரம் முன்னும் குறி பின்னுமாய் நிற்கும். எபிரேயத்திலும் மெய்யின் பின்னரே குறி வரும். ஆயின் அங்கு ஓரெழுத்து இரு குறிகளைத் தாங்குவதுமுண்டு.

இங்குதான் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிழை புகுகின்றது. 'கௌரி' என்னும் பெயரில் ககரத்தை அடுத்து வருவது ஔகாரக் குறி ஒன்றே. அதனை அறியாதோர் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு 'கெளரி' என அடிப்பர். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முன்னது கணினிக்கு 4 குறியீடுகள், பின்னது 5. எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவதும் இத்தகையதே.

1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் இருமொழி நிருவாகப் பிரிவுகளைப் பிரகடனஞ் செய்ய வழிவகுத்தது. 1999இல் பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சிலவும் அவ்வாறு பிரகடனப்படுத்தப்பட்டன. உரிமை ஏட்டில் உண்டு. அது பயன் தருவது பதிவாளரின் விசைப்பலகையிலேயே. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பின், ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த பெண் தன் ஊழியர் சேமலாப நிதியைப் பெறத் தான் தானே என நிறுவ வேண்டியவளாகின்றாள்.

எனவே பெயரை உரியவரிடம் கேட்டு முதலில் தமிழிலேயே பதிதல், ஒருங்குறியின் முறைப்படி குறியிடப் பதிவாளரைப் பயிற்றுதல், எழுதியதை உரியவர்க்கு வாசித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. எபிரேயர் குறியை விட்டெழுதுவது அவர்தம் மொழிமரபு. உழைப்பவர் பெயரிற் குறியை விட்டெழுதுவதோ அலட்சியமன்றிப் பிறிதில்லை.