ஓவர்கிளாக்கிங்கும் மின்சேமிப்பும்

கணினிச் செயலியை அதன் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் பெயர்போனது. அதன் பெருக்கி எண் 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் தாய்ப்பலகையில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்சிலிருந்து 100க்கு உயர்த்தியதும், 300 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் பல 450இல் ஓடின. விலை கூடிய பென்டியம் 2க்கு ஈடுகொடுத்தன.

வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவு அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப உயரும். அதிர்வெண் 20 விழுக்காடும் மின்னழுத்தம் 10 விழுக்காடும் கூடினால், வெப்பம் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடிவிடும்.

இன்டெல்லின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் கூல் அண்ட் குவயட் போன்ற மின்சேமிப்பு வசதிகள் இதற்கு நேர்மாறானவை. வேலை குறைந்ததும் பெருக்கியையும் மின்னழுத்தத்தையும் தாமே இறக்கிவிடும். சிக்கல் இங்கேதான். பஸ் வேகம் உயர்த்தப்பட்ட கணினிக்கு அந்த இறங்கிய மின்னழுத்தம் போதாமல் போகலாம். முழுச்சுமைச் சோதனையில் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்த கணினி, சும்மா இருக்கும்போது உறைந்து நிற்க இதுவும் ஒரு காரணம். அதனால் பலர் பயாஸில் இவ்வசதிகளை முதலிலேயே அணைத்துவிடுகின்றனர். பிழையின் மூலத்தைக் கண்டறியும்வரை அது சரி. அப்படியே விட்டுவைப்பது வீண் மின்செலவு. மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தாமல், செயலி கேட்கும் அளவோடு சிறிது சேர்க்கும் ஆஃப்செட் முறையில் மின்சேமிப்பும் தொடரும்.

2008இல் வந்த முதல் கோர் ஐ7இல், மற்ற கோர்கள் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போனால்தான் ஒற்றைக் கோருக்கு டர்போ பூஸ்ட்டின் உச்ச வேகம் கிடைக்கும். அங்கே உறக்கநிலைகளை அணைத்தால் அந்த வேகமே கைவிட்டுப் போகும்.