மூடிய சன்னலின் பொத்தான் இன்னும் இருக்கிறதா?

ஓசூர், பேரிகை வட்டாரத் தொழிற்கூடம் ஒன்றின் சோதனைக் கருவி காட்டும் அழுத்த அளவை, பைத்தான் மொழியின் டிகிண்டர் நூலகத்தால் எழுதிய நிரல் ஒரு தனிச் சன்னலில் நொடிக்கொரு முறை புதுப்பிக்கிறது என்று கொள்வோம். இயக்குபவர் அந்தச் சன்னலை மட்டும் மூடிவிட்டால், அடுத்த நொடியே 'டிசிஎல்எரர்' பிழை வரும்.

ஏன்? பொத்தான் போல, திரையில் தெரியும் ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று பைத்தான் பொருள். மற்றொன்று டிகிண்டர் பயன்படுத்தும் டிகே நூலகம் வரைந்த உறுப்பு. மூடும்போது இரண்டாவது அழிகிறது. முதலாவது மாறியில் அப்படியே கிடக்கிறது. அதனால் மாறி காலியா என்று பார்ப்பதில் பயனில்லை.

எப்படி அறிவது? 'வின்ஃபோ_எக்ஸிஸ்ட்ஸ்' என்ற செயற்கூற்றை அழைத்தால், உறுப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 கிடைக்கும். மறைத்து மட்டும் வைத்த உறுப்புக்கும் 1 தான். முதன்மைச் சன்னலே அழிந்திருந்தால் இந்தக் கேள்வியே பிழையாகும்.

விண்டோஸில் 'இஸ்விண்டோ' இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அழிந்த சன்னலின் அடையாள எண் வேறொரு சன்னலுக்குப் போய்விடலாம். கியூட்டி என்ற மற்றொரு வரைகலை நூலகத்தின் 'கியூபாயிண்டர்', உறுப்பு அழிந்ததும் தானே வெறுமையாகிவிடும்.

எனினும், டிகிண்டரில் சன்னல் மூடும்போதே 'ஆஃப்டர்_கேன்சல்' மூலம் புதுப்பிப்பை நிறுத்துவதே சிறந்த வழி.